அவர் ஞாயிறுதோறும் ஏறிய மலை

1

இந்த அக்டோபரோடு நாங்கள் இத்தாலிக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. கீழ்மாடியில் இருக்கும் பஞ்சாபிக் குடும்பம் தங்களுடைய இருபதாவது வருடத்தை மண்டபம் எடுத்துக் கொண்டாடியது. எனக்கு அப்படி எந்த எண்ணமும் வரவில்லை. நான் என் புருஷனின் சைக்கிள் சட்டையில் இருந்த ஒரு கறையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

இடது கை மடிப்பில், ஆரஞ்சும் பழுப்பும் கலந்த கறை. ஜூலையில் விழுந்தது. மஞ்சள் தூள் என்றால் சோப்புப் பட்டதும் சிவக்கும். குழம்பு என்றால் பிசுக்கு இருக்கும். இது தேய்க்கத் தேய்க்கப் பரவியது. நான் அறை சுத்தம் செய்யும் ஹோட்டலில், துணி வெளுக்கும் இடத்துக்குப் பொறுப்பாக இருக்கும் அம்மாளிடம் எடுத்துப் போய்க் காட்டினேன். கையில் வாங்காமலே சொன்னாள். "லில்லிப் பூ. அந்தத் தூள் ஒட்டினால் போகாது."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தனசேகர் பூ வாங்கியது ஒரே ஒரு முறை, திருக்கழுக்குன்றம் கோயில் வாசலில். அதுவும் என் அம்மா முறைத்ததால்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்காக எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் மஞ்சுளா. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். அப்பா கோவிந்தன் கடலுக்குப் போனார், அம்மா மீன் விற்றாள். தனசேகர் மதுராந்தகத்துக்காரர், ஏரிப் பாசனத்தில் நெல் போடும் குடும்பம். கல்பாக்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வெல்டராக இருந்தபோதுதான் என்னைப் பார்த்தார். இப்போது இங்கே லிகுரியாக் கடற்கரையில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் அதே வெல்டிங். ஒரே பெண், காவ்யா, பதினேழு வயது. எழுத்தில் அவரை 'அவர்' என்கிறேன். வீட்டில் 'யோவ்'தான்.

மார்ச் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்கிய மனிதர், திடீரென்று கூட வேலை செய்பவனிடம் ஒரு பழைய கியர் சைக்கிளை வாங்கினார். காலை எட்டுக்குப் போனால் இரண்டு மணிக்கு வருவார். சர்க்கரை இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னார், அதனால் என்று முதலில் நினைத்தேன். ஆனால் சர்க்கரைக்காக சைக்கிள் ஓட்டுகிறவர் நகத்தில் ஏன் மண் இருக்கிறது? கால்சட்டை முட்டியில் ஏன் மெழுகு சொட்டியிருக்கிறது? முதல் ஞாயிறு திரும்பி வந்தபோது, தலையில் ஹெல்மெட்டோடு சமையலறை வாசலில் நின்று, நான் வெங்காயம் நறுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாய்யா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று போய்விட்டார். தப்பு செய்தவன்தான் அப்படிப் பார்ப்பான் என்று அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன்.

இன்னொன்று. எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் பிரித்துப் படிப்பது காவ்யாதான், எங்கள் இருவருக்கும் அந்த அலுவலக பாஷை விளங்காது. மார்ச்சில் ஒரு உறை வந்தது, மேலே நகராட்சி முத்திரை. அதை மட்டும் அவர் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பட்டறை வரி சமாச்சாரம்." பட்டறை வரிக்கு வீட்டுக்கு எதற்குக் கடிதம்?

காவ்யாவிடம் கேட்டேன், அப்பா ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் என்று தெரியுமா? போனிலிருந்து கண் எடுக்காமல் "லாஷா ஸ்தாரே, மா" என்றாள். விட்டுவிடு என்று அர்த்தம். அவளும் கூட்டு என்று நினைத்தேன்.

2

சந்தேகம் எனக்கு அம்மா வழி சொத்து. பள்ளிக்கூடம் இல்லாத நாளில், சைக்கிள் கேரியரில் மீன் கூடையைக் கட்டி, நான் ஓட்ட, அம்மா பின்னால் வேகமாக நடந்து வருவாள். கல்பாக்கம் குடியிருப்புக்குப் போகும் அந்தச் சாலையில் மேடு என்று ஒன்று கிடையாது. கடல் காற்று எதிரில் அடித்தால் அதுதான் மேடு. குடியிருப்பு வாசலில் காவலர்கள் கூடையைக் கிளறிப் பார்ப்பார்கள். உள்ளே அம்மாமார்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். அம்மா அவர்கள் கொடுக்கும் நோட்டை வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். யாரும் யாரையும் நம்பவில்லை, யாருக்கும் அதில் வருத்தமும் இல்லை. "பாத்து வாங்குறவன் ஏமாற மாட்டான்டீ" என்பாள்.

இங்கே வந்த புதிதில் அந்தச் சாமர்த்தியம் ஒன்றும் உதவவில்லை. பாஷை தெரியாதவள் எதைப் பார்த்து வாங்குவது? மீன் வேண்டும் என்று பெஷ்ஷே கேட்க வேண்டிய இடத்தில் பெஸ்கே என்று கேட்டு, ஒரு கிலோ பீச் பழத்தோடு வீட்டுக்கு வந்தேன். மீன்காரி மகள். தனசேகர் அரை நாள் சிரித்தார்.

எங்கள் இருவருக்கும் தடுமாற்றமில்லாமல் வந்த முதல் சொல் ஃபிர்மா. கையெழுத்து. போலீஸில், நகராட்சியில், வீட்டுக்காரரிடம், எங்கே போனாலும் ஒரு விரல் தாளின் அடியில் வந்து நிற்கும், "ஃபிர்மா." போடுவோம். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை. கேட்டாலும் பதில் புரியாது.

வந்து ஒரு வருடத்தில் நான் ஏழு மாதமாக இருந்தேன். கடும் ஜுரம், ஆஸ்பத்திரி, பிறகு இரண்டு நாள் எனக்கு நினைவில்லை. கண் திறந்தபோது வயிறு இல்லை. தனசேகர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு "போயிடுச்சிமே" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்றும் கேட்கவில்லை. கேட்டால் அது ஒரு ஆளாகிவிடும், அப்புறம் என்னால் எழுந்திருக்க முடியாது என்று பயந்தேன். ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் பார்த்துக்கொண்டார்கள் என்றார். இரண்டு வருடம் கழித்துக் காவ்யா பிறந்தாள். இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் அதோடு நின்றது.

3

இருபதாவது வருடம் முடிந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. முந்தின நாளே வாடகைக்கு ஒரு மின்சார சைக்கிள் எடுத்து, மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி வைத்திருந்தேன். காலையில் அவர் ஷூ கட்டும்போது நானும் கட்டினேன்.

"எங்கமே கெளம்பிட்ட?"

"உன் கூடத்தான். இருவது வருசம் ஆச்சில்ல. சேந்து போலாம்."

அவர் முகம் போன போக்கை நான் கவனமாகப் பார்த்தேன். "மேடு ஜாஸ்திமே. உன்னால முடியாது. வாணும்னா கடலோரமா போலாம், ரோடு நல்லா கீது."

"நீ எப்பவும் போற ரோட்லயே போலாம்."

ஊரை விட்டதும் சாலை மலைக்குள் திரும்பியது. ஒரு வளைவு, அதற்கு மேல் இன்னொரு வளைவு, துணி மடித்து வைத்ததுபோல. பாலாற்றுப் பாலம் ஏறுவதையே மேடு என்று சொல்லி வளர்ந்தவள் நான். மோட்டார் இல்லாவிட்டால் முதல் திருப்பத்திலேயே இறங்கித் தள்ளியிருப்பேன். அவர் முன்னால், இருக்கையிலிருந்து எழும்பாமல், ஒரே சீராக மிதித்துப் போனார். பழகிய கால். ஒவ்வொரு குழியையும் பார்க்காமலே ஒதுங்கினார்.

இரண்டு பக்கமும் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு நிலம், ஆலிவ் மரங்கள். காய் விழுகிற காலம் என்பதால் மரங்களுக்கு அடியில் வலை விரித்திருந்தார்கள். தண்ணீரே இல்லாத மலையில் வலை. வெயில் ஏறிய பிறகு காட்டுச் செடிகள் மணத்தன. அழகு என்று எழுதத்தான் வேண்டும், ஆனால் அன்று என் கண் அவர் முதுகில் இருந்தது. இந்தச் சாலையில் எந்த வீட்டைத் தாண்டும்போது தலை திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன்.

ஒரு திருப்பத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஆரஞ்சு உடுப்பு போட்ட ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். காட்டுப்பன்றி வேட்டை, கொஞ்சம் பொறுங்கள் என்றார். அப்புறம் தனசேகரைப் பார்த்து, "ஓ, தானோ, நீயா" என்று தோளில் தட்டினார்; தனசேகர் என்ற பெயர் இங்கே 'தானோ' ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றினார். எனக்கு ஏன் ஒருவர் தொப்பியைக் கழற்ற வேண்டும்?

"அவரு யாரு?"

"சும்மா, வழியில பாக்குறவரு."

சாலையில் செஸ்ட்நட் காய்கள் முள் தோலோடு விழுந்து கிடந்தன. டயருக்கு ஆகாது என்று காரணம் சொல்லி, "இதோட திரும்பிடலாமா?" என்றார். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமத்தின் மணிக்கூண்டு தெரிந்தது.

"அங்க போய் காபி குடிச்சிட்டுத் திரும்பலாம்" என்றேன்.

 அதற்குப் பிறகு அவர் மெதுவாக மிதித்தார்.

4

கிராமத்தில் ஒரே ஒரு காபிக்கடை. உள்ளே ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், உதட்டில் சிவப்புச் சாயம், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தாள். தனசேகர் வாயைத் திறப்பதற்குள் சர்க்கரை இல்லாத காபியை அவர் முன்னால் வைத்தாள். ஏழு மாதத்து ஞாயிறுகள் அந்தக் கோப்பையில் இருந்தன.

"இது மஞ்சுளா" என்றார் அவர்.

அவள் மேசையைச் சுற்றி வந்தாள். பெயர் ஒர்னெல்லா என்றாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசியில் வந்துவிட்டீர்கள்" என்றாள். கண் கலங்கியிருந்தது. குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். என் கையை இழுத்துக்கொண்டேன்.

அவள் பின்கட்டுக்குப் போய்த் திரும்பினாள். ஒரு கையில் பெரிய இரும்புச் சாவி. இன்னொரு கையில், செய்தித்தாளில் சுற்றிய பூங்கொத்து. அதை என் எதிரிலேயே தனசேகரிடம் நீட்டினாள். லில்லி யார் தோட்டத்தில் பூத்தது என்று தெரிந்துவிட்டது.  எழுந்தே விட்டேன்.

எழுந்த பிறகுதான் பூவைப் பார்த்தேன். வெள்ளைச் சாமந்தி.

நான் ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்த வருடம், முதலாளியம்மா பிறந்தநாளுக்கு ஒரு தொட்டி சாமந்தி வாங்கிப் போனேன். நம்மூரில் சாமிக்குப் போடுகிற பூ, தலையில் வைக்கிற பூ. அந்த அறையில் இருந்த ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள், இங்கே சாமந்தியை உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று.

"யோவ்" என்றேன். "யாரு செத்தது?"

அவர் பூவை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். "வா, நடந்தே போலாம். பக்கத்துலதான் கீது."

5

ஊருக்குப் பின்னால், மதில் கட்டிய சின்ன இடுகாடு. ஒர்னெல்லா கதவைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றாள். கிராமத்தில் ஆள் குறைந்துவிட்டதால், அந்தச் சாவியையும் அதன் காகிதங்களையும் நகராட்சி காபிக்கடையில்தான் கொடுத்து வைத்திருக்கிறதாம்.

தனசேகர் நேராக வடக்கு மூலைக்குப் போனார். முழங்கால் உயரத்துக்குச் சிலுவைகள், மொத்தம் ஒன்பதோ பத்தோ. ஒன்றைச் சுற்றி மட்டும் களை பிடுங்கி, வெள்ளைக் கூழாங்கல் பதித்திருந்தது. குட்டி மெழுகுவர்த்தி எரிந்த அடையாளம். மரச் சிலுவையில் ஒரு தகடு. தகட்டில் ஒரு பெயரும் தேதியும்.

மஞ்சுளா கோவிந்தன்.

என் பெயரும் என் அப்பா பெயரும். இந்த நாட்டில் எனக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் பாஸ்போர்ட்டில் இருந்த அப்பா பெயரை ஒட்டிக் கொடுத்தார்கள். கரையைத் தாண்டி எங்கேயும் போகாத அந்த மனிதரின் பெயர், இத்தாலிய மலையில் ஒரு சிலுவையில் இருந்தது.

"இன்னாய்யா இது? நான் சாவலையே."

அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அத்தான் உன்னாண்ட சொல்லல. நம்ம கொழந்தைமே. பேரு வெக்காத கொழந்தைன்னா அம்மா பேர எழுதிடுவாங்களாம். அப்ப ஆஸ்பத்திரியில எங்கெங்கயோ கையெழுத்து கேட்டாங்க, போட்டேன். கீழ எடம் இல்லன்னு இங்க கொணாந்து வெச்சிட்டாங்க. எனக்கே மார்ச்ல அந்த லெட்டர் வந்தப்பறம்தான் தெரியும்."

அந்தக் கடிதத்தைப் பட்டறையில் ஒருவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மண்ணில் இடம் கொடுத்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை, இந்த வருடக் கடைசிக்குள் வந்து முடிவு சொல்லாவிட்டால் எலும்பை எடுத்துப் பொதுக் குழியில் சேர்த்துவிடுவோம் என்று இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை இந்த மலைக்கு பஸ் கிடையாது. அதனால்தான் சைக்கிள்.

"மொத தபா வந்து இந்தத் தகட்டப் பாத்தேன். உன் பேரு. கீழ எறங்கறப்ப பிரேக்கே புடிக்கலமே நானு. வூட்ல நீ உசுரோட கீறியான்னு பாக்கணும்னு ஓடியாந்தேன். நீ வெங்காயம் நறுக்கிகினு இருந்த."

 பத்தொன்பது வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். தல நெறைய முடி."

"எனக்கு ஏன் காட்டல?"

"உனக்கு நெனவே சரியா இல்ல. வெள்ளக் கோட்டு போட்டுகினு ஒருத்தர் வந்து இன்னாவோ கேட்டாரு. உனக்குக் காட்ட வாணாம்னு சொல்றாருன்னு நெனச்சேன். சரின்னேன்."

"அவரு காட்டலாமான்னு கேட்டிருந்தா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை என்று தெரிந்தது. "தெரியலமே. அப்ப பாஷை தெரியாது. அதத்தான் ஒவ்வொரு வாரமும் இங்க குந்திகினு யோசிச்சிகினு இருக்கேன்."

எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். அவள் முகத்தைப் பார்த்தவர் அவர். நான் பார்க்கவில்லை. அதை எந்த நகராட்சியிலும் மனு போட்டு வாங்க முடியாது.

"ஏழு மாசம் மறச்சிட்டியே. வேற யாரோ இருக்கான்னு நான் நெனச்சிகினு இருந்தேன்."

"தெரியும். சட்டைய மோந்து பாத்துகினு இருந்த. அதுவே தேவலன்னு வுட்டுட்டேன்."

6

இடத்தை நீட்டிக்கவும் பெயரை மாற்றவும் ஒரே விண்ணப்பம்தானாம். ஆனால் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். என்னிடம் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் ஏழு மாதமாக அவர் ஒவ்வொரு வாரமும் வந்து, களை பிடுங்கிவிட்டு, தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒர்னெல்லா கடையிலிருந்து தாளை எடுத்து வந்து மதில் மேல் வைத்தாள். விரல் வழக்கம்போல அடியில் போய் நின்றது.

"இருங்கள்" என்றேன். "படிக்கணும்."

முதல் வரியிலேயே மூன்று சொல் தெரியவில்லை. தனசேகர் உதவ வந்தார், வேண்டாம் என்றேன். தாளைப் படம் எடுத்து வீட்டிலிருந்த காவ்யாவுக்கு அனுப்பிவிட்டுப் பேசினேன். அவள் கொட்டாவி விட்டபடி இத்தாலியனில் படித்து, பாதித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்றாவது வரியில் நின்றாள்.

"மா, இது இடுகாட்டு ஃபார்ம். யாருக்கு?"

சொன்னேன். நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால், என்று ஆரம்பித்து, நின்ற இடத்திலேயே முழுவதும் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், அவளுக்குப் புரியாத சொற்களை அப்படியே விட்டுவிட்டு. 

"அப்ப நான் மூத்தவ இல்லியா?" என்றாள்.

"இல்லம்மா."

"பேர் கேட்டிருக்கு இதுல. பேர் இன்னா?"

நான் தனசேகரைப் பார்த்தேன். "நான் பாப்பான்னுதான் கூப்டுகினு இருந்தேன்" என்றார்.

"அமுதா" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "எப்பத்திலேர்ந்து?"

"ஆறாம் மாசத்துலேர்ந்து. பொண்ணா இருந்தா அமுதான்னு."

"எனக்கு சொல்லவே இல்லியே நீ."

 காவ்யா போனிலேயே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், நான் கட்டங்களில் எழுதினேன். கடைசி வரிவரை படிக்க வைத்து, இரண்டு இடத்தில் திரும்பக் கேட்டு, பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். ஒர்னெல்லா முக்கால் மணி நேரம் மதிலில் சாய்ந்தபடி நின்றாள். ஒருமுறைகூடக் கடிகாரம் பார்க்கவில்லை. அவள் சிவப்பு உதட்டைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் அவளுக்குத் தெரியாமலே போகட்டும்.

தனசேகர் சைக்கிள் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தார். தகட்டில் நான்கு திருகாணி. துருப்பிடித்திருந்தது, நானே கழற்றினேன். புதிய தகடு வரும்வரை சிலுவை வெறுமையாக இருக்கட்டும் என்றாள் ஒர்னெல்லா.

கிளம்பலாம் என்று இருந்தோம். காவ்யாவிடமிருந்து ஒரே வரியில் செய்தி வந்திருந்தது: போகாதீர்கள். காத்திருந்தோம். ஒர்னெல்லா ரொட்டியும் தக்காளியும் கொண்டுவந்து கொடுத்தாள், மதில் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மூன்று மணிக்குக் கீழே வளைவில் ஒரு சைக்கிள் தெரிந்தது. சிநேகிதியின் சைக்கிளாம், மோட்டார் இல்லாதது. முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டி, கடைசி மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். எங்களைக் கட்டிப்பிடிக்கவில்லை. சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, "எது?" என்று மட்டும் கேட்டாள்.

காட்டினேன். பெயர் இல்லாத சிலுவைக்கு முன்னால் போய்க் குந்தினாள். என்ன சொல்ல வேண்டும், எந்த பாஷையில் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கூழாங்கற்களைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, பள்ளியில் புதிதாக ஒருவரிடம் அறிமுகம் செய்துகொள்வதுபோல,

"அக்கா, நான் காவ்யா" என்றாள்.